கயானா போகும் சிற்பிக்கு

அன்புள்ள தம்பி,

கயானாவில் அம்மன் கோயில் கட்டும் வேலை உனக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. மாமல்லபுரத்துச் சிற்பிகள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்திருக்கிறார்கள். தென் அமெரிக்கா பக்கம் போனவர்கள் குறைவு. விசாரிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உனக்கு முன்னால் அங்கே போனவர்களைத் தெரிந்துகொள். 1838 மே 5 அன்று கல்கத்தாவிலிருந்து முதல் கூலிக் கப்பல்கள் கயானாவை அடைந்தன. 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. கரும்புத் தோட்டத்தில் பெரும்பாலும் ஐந்தாண்டு ஒப்பந்தம். பலர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்தார்கள். 1917 வரை போனவர்கள் சுமார் 2,39,000 பேர். அதில் நம் பக்கத்தவர்கள் சிறு பங்குதான்.

நீயும் ஒப்பந்தத்தின் பேரில்தான் போகிறாய். சிற்பக் கல்லூரியில் பட்டம் வாங்கியவன் நீ. ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்துப் போடு. சம்பளம் அமெரிக்க டாலரிலா கயானா டாலரிலா, தங்குமிடம் யார் பொறுப்பு, மருத்துவச் செலவு யாருடையது, வேலை பாதியில் நின்றால் திரும்பும் டிக்கெட் யார் எடுப்பது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 2015-இல் அங்கே கடலடியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 2019 கடைசியிலிருந்து எடுக்கிறார்கள். அதன் பிறகு ஜார்ஜ்டவுனில் வீட்டு வாடகை ஏறிவிட்டது. தங்குமிடத்தை வாய்வார்த்தையில் விடாதே. வேலை அனுமதி வாங்காமல் சுற்றுலா விசாவில் போகாதே. பாஸ்போர்ட் உன் கையிலேயே இருக்கட்டும்.

உன்னோடு வரும் கொத்தனார்களில் பத்தாவது முடிக்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் வளைகுடாவுக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அனுமதி தரும். அப்படி அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளின் பட்டியலில் கயானா இல்லை. அதாவது அவர்களுடைய ஒப்பந்தத்தைச் சரிபார்க்க உன்னை விட்டால் ஆள் இல்லை. அவர்களை உட்கார வைத்துத் தமிழில் படித்துக் காட்டு. போய்ச் சேர்ந்ததும் ஜார்ஜ்டவுனில் உள்ள இந்தியத் தூதரகத்தில் எல்லோர் பெயரையும் பதிவு செய்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கயானாவிலிருந்து திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

இனி வேலை. இங்கே நாம் பாறை மேல் பிறந்த ஊர்க்காரர்கள். கயானாவின் கடற்கரையோ களிமண். பல இடங்களில் கடல் மட்டத்துக்கும் தாழ்வு. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய அதே டச்சுக்காரர்கள்தான் அங்கே கரை போட்டு, மதகு வைத்து நிலத்தை மீட்டார்கள். அந்த மண் கருங்கல் விமானத்தின் பாரத்தைத் தாங்குமா என்று உள்ளூர்ப் பொறியாளரிடம் கேட்காமல் வரைபடம் போடாதே. பெரும்பாலும் செங்கல்லும் சுதையும்தான் ஒத்துவரும். உப்புக்காற்று நமக்குப் பழகியதுதான். சுதை உருவத்துக்குள் வைக்கும் கம்பி துருப்பிடித்தால் அம்மனின் கை வெடிக்கும். கம்பிக்கு மேல் பூச்சு கனமாக இருக்கட்டும், கடல் மணலைத் தொடாதே. மே முதல் ஆகஸ்ட் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும் மழை. வர்ணப் பூச்சுக்கு இடைப்பட்ட மாதங்களை ஒதுக்கு.

அங்குள்ள சென்னை வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக மாரியம்மனையும் மதுரைவீரனையும் முனீஸ்வரனையும் தப்படித்துக் கும்பிடுகிறார்கள். வீட்டில் பேசத் தமிழ் இல்லாமல் போன பிறகும் வழிபாட்டில் தமிழ்ப் பாட்டை விடவில்லை. அந்தச் சிலைகள் தாலமானக் கணக்குக்குள் வராமல் இருக்கலாம். நம் பக்கத்துக் கொக்கிலமேட்டிலோ வெண்புருஷத்திலோ ஊர் அம்மனுக்கு ஆகம அளவு கேட்டா கும்பிடுகிறோம்? ஏழடுக்குக் கோபுரம் வேண்டும் என்று நீயாக முடிவு செய்யாதே. பூசாரியிடமும் வயதான பெண்களிடமும் கேள். எந்தத் தெய்வம் எந்தத் திசை பார்க்கும், எது வெட்டவெளியில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பழைய சிலையை அகற்றச் சொல்லாதே. அந்தச் சிலை முன்னால் அவர்களின் பாட்டன்மார் நின்றிருக்கிறார்கள்.

மரம் பற்றி அங்கே படித்துக்கொள். ஜார்ஜ்டவுனின் புனித ஜார்ஜ் தேவாலயம் முழுக்க மரத்தால் ஆனது. உயரம் 140 அடிக்கு மேல். கிரீன்ஹார்ட் என்னும் அந்நாட்டு மரம் கடல் நீரிலும் எளிதில் கெடாது. நம் கணபதி ஸ்தபதி அறுபது வயதைக் கடந்த பிறகு பெரு நாட்டுக்குப் போய் மச்சு பிச்சுவின் கல்கட்டைப் பார்த்தார். உனக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உள்ளூர்த் தச்சர்களோடு இரு.

கடைசியாக ஒன்று. கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி வேண்டும். அப்போதெல்லாம் இங்கிருந்து ஆள் வரவழைக்க அவர்களிடம் பணம் இருக்கும் என்று சொல்ல முடியாது. கோயில் முடிவதற்குள் அந்த ஊர்ப் பிள்ளைகள் இருவருக்காவது சுதை வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வா. நூல் பிடிப்பதிலிருந்து கண் திறப்பது வரை எதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்