எல்லாப் பெட்டியையும் திறந்தால் போதுமா?

கேள்வி: துறைமுகத்துக்கு வரும் எல்லாக் கன்டெய்னர்களையும் சோதித்தால் போதைப்பொருள் கடத்தலை ஒழித்துவிடலாமே?

பதில்: நடக்கிற காரியமில்லை. தன் நாட்டுக்கு வரும் கன்டெய்னர் அனைத்தையும் ஸ்கேன் செய்ய அமெரிக்கா 2007-இல் சட்டமே இயற்றியது. 2012 கெடு தாண்டியும் அது நடைமுறைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் திறக்காமலே பிடித்ததும் உண்டு. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஆப்கானிஸ்தான் டால்க் கல் என்ற பெயரில், ஈரானின் பந்தர் அப்பாஸ் வழியாக, விஜயவாடா நிறுவனத்தின் பெயருக்கு வந்த சரக்கு அது. வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்துக்குத் துப்பு கிடைத்ததால்தான் சிக்கியது. துப்பை மட்டுமே நம்பினால் மற்றவை தப்பிவிடாதா என்பீர்கள். தப்பும்தான். அதனால்தான் ஆவணங்களை அலசும் பிரிவுக்கு ஆளும் பயிற்சியும் கூட்டச் சொல்கிறேன். இறக்குமதியாளர் யார், இதற்குமுன் என்ன வாங்கினார், ஆந்திராவுக்குரிய சரக்கு ஏன் மேற்குக் கரையில் இறங்குகிறது? இவற்றைக் கப்பல் கரைசேருமுன்பே கேட்டுவிடலாம்.