பி-கோடு தெரிந்தால் லாசிக்ஸா?



தம்பி, நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு ஐசியுவுக்கு வந்த நோயாளியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை கைக்கு வந்தது. அல்ட்ராசவுண்ட் புரோப் பிடிப்பது பற்றியெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இரண்டாம் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு வரிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது: "நுரையீரலில் பி-கோடுகள் தெரிந்ததால் லாசிக்ஸ் போடப்பட்டது."

லாசிக்ஸ் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து; பி-கோட்டை மட்டும் பார்த்து அதைப் போடுவது தவறு. சின்னத் தவறும் அல்ல.

ப்ளூரா என்ற நுரையீரல் உறைக்குக் கீழே உள்ள நுரையீரல் நனைந்தோ தடித்தோ இருக்கிறது என்பதை மட்டுமே பி-கோடு என்ற செங்குத்து வெள்ளைக் கோடு சொல்லும். இதயம் தளர்ந்து நீர் கோத்தாலும் வரும். நிமோனியா, ஏஆர்டிஎஸ், தழும்பேறிய நுரையீரல் எல்லாவற்றிலும் வரும். நீங்கள் அச்சிட்ட படத்தையே திரும்பப் பாருங்கள். ப்ளூரா கோடு ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்குகிறது. அதற்குக் கீழே இரண்டு சிறு கருந்திட்டுகள். இதயத்தால் வரும் நீர்க்கோப்பில் அந்தக் கோடு மெல்லியதாக, வழவழவென்று இருக்கும். காய்ச்சலும் குறைந்த ரத்த அழுத்தமுமாக வந்தவருக்கு இந்தப் படம் வேறு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நீங்களே மேற்கோள் காட்டும் ப்ளூ புரோட்டோகால் என்ற நுரையீரல் ஸ்கேன் நெறிமுறையிலும் இதற்கு விடை இருக்கிறது. பாரிஸை ஒட்டிய ஆம்ப்ருவாஸ் பாரே மருத்துவமனையில் 260 நோயாளிகளைப் பார்த்து, டேனியல் லிக்டென்ஸ்டைன் 2008இல் 'செஸ்ட்' இதழில் வெளியிட்டது அது. முன்மார்பின் இருபுறமும் பி-கோடு, கூடவே ப்ளூராவின் சறுக்கலும் (மூச்சோடு சேர்ந்து அது வழுக்கி நகர்வதும்) இருந்தால்தான் அவர் நீர்க்கோப்பு என்கிறார். சறுக்கல் நின்றுபோயிருந்தால் நிமோனியாவின் பக்கம் போகிறார். ஒரு பக்கம் பி-கோடு, மறுபக்கம் ஏ-கோடு (காற்று நிறைந்த நுரையீரலில் தெரியும் கிடைமட்டக் கோடு) என்றாலும் நிமோனியாதான். இப்படிப் பிரித்துப் பார்த்துத்தான் 90.5 சதவீதம் பேருக்குச் சரியான நோயறிதல் கிடைத்தது. உங்கள் கட்டுரையில் சறுக்கல் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இன்னொரு குறை, மெஷினின் ஃபில்டர். படத்தை அழகாக்கும் வசதிகளோடுதான் புது மெஷின்கள் வருகின்றன. வயிற்றுக்கு அது நல்லது. நுரையீரலில் நாம் படிக்கும் ஏ-கோடும் பி-கோடும் ஒலி எதிரொலித்து உண்டாக்கும் பிம்பங்கள். ஃபில்டர் அவற்றையே 'குப்பை' என்று துடைத்துவிடும். அதை அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா, எந்தப் புரோப்பை மார்பில் எங்கே வைத்தீர்கள் என்று எழுதாத ஸ்கேன் குறிப்பைப் படித்து அடுத்த டியூட்டி டாக்டர் என்ன செய்வார்?

புது மெஷின்கள் இல்லாமலேதான் இந்த வித்தை வளர்ந்தது. ஸ்கேன் மெஷின் ரேடியாலஜி அறையில் பூட்டிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. வென்டிலேட்டர் நோயாளியை சிடி எடுக்கக் கொண்டுபோக வேண்டும்; ஒருவர் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே லிஃப்டில் வருவார், இன்னொருவர் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தள்ளுவார். காற்று நிறைந்த நுரையீரலில் ஒலி புகாது, பார்த்துப் பயனில்லை என்றே பாடப்புத்தகங்கள் அப்போது சொல்லின. 1986இல் குதிரைகளின் நுரையீரலைப் பார்த்த கால்நடை மருத்துவர் ரண்டானென் சறுக்கலைப் பற்றி எழுதினார். ஐசியு நோயாளிகளிடம் லிக்டென்ஸ்டைன் அதைக் காட்டியது 1995இல். அவர் பல ஆண்டுகள் பயன்படுத்தியது 1992ஆம் ஆண்டு மாடல் ஹிட்டாச்சி மெஷின், ஒரே ஒரு புரோப். டாப்ளர்கூடக் கிடையாது.

ஒன்றை மனம் திறந்து பாராட்ட வேண்டும். இருகால் சிரைகளையும் புரோப்பால் அழுத்தி, முழுதாக மடங்குகின்றன, ரத்த உறைவு இல்லை என்று அந்த இரவிலேயே பார்த்து எழுதியிருக்கிறீர்கள். பத்தில் ஒன்பது பேர் காலைவரை தள்ளிப்போட்டிருப்பார்கள். அந்தப் பத்தி அருமை, தம்பி. அப்படியே வகுப்பில் வாசித்துக் காட்டலாம்.

அடுத்த நோயாளிக்கு எந்த இடம், எந்தப் புரோப், ஃபில்டர் அணைத்ததா, சறுக்கல் இருந்ததா என்ற நான்கையும் குறிப்பில் எழுதுங்கள். மருந்தின் பெயரை அதன் பிறகு எழுதுங்கள்.