உணவாகாத மீன்: ஒரு நூற்றாண்டுக் கணக்கு

மீன் என்றவுடன் உணவே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும், கிடைக்கும் மீன் அனைத்தும் உணவுத் தட்டை அடைவதில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் கிடைத்த மீன், இறால் முதலான நீர்வாழ் உயிரினங்கள் ஏறத்தாழ 18.5 கோடி டன். இவற்றுள் சுமார் 2.1 கோடி டன் உணவு அல்லாத பயன்களுக்குச் சென்றது. அதிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மீன்தூளாகவும் மீன் எண்ணெயாகவும் மாறியது.

இந்தியாவில் இப்பயன்பாடு ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பலமுறை உருமாறியுள்ளது. அந்த மாற்றங்களைத் தொடர்ந்து நோக்கினால், மீன் சார்ந்த தொழிலில் முதலீடு செய்வோருக்கு மட்டுமன்றி, சந்தையில் மீன் வாங்கும் நம் அனைவருக்கும் பயன்படும் ஓர் உண்மை புலப்படும்.

எண்ணெயும் உரமும்

மலபார்க் கரையில் மத்தி மீன், அதாவது நாம் சாளை என்றும் அழைக்கும் மீன், சில ஆண்டுகளில் அளவின்றிக் கிடைக்கும். உண்டது போக எஞ்சியதைக் கடற்கரை மணலில் உலர்த்தித் தென்னைக்கும் தோட்டப் பயிர்களுக்கும் உரமாக இட்டனர். மத்தியிலிருந்து எடுத்த எண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசவும், தோல் பதனிடவும், சோப்பு தயாரிக்கவும் பயன்பட்டது.

இத்தொழிலைச் சீர்படுத்தியவர்களுள் முதன்மையானவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகளை நிறுவுவது குறித்து 1895-லும் 1897-லும் அவர் அளித்த அறிக்கைகள், 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தவை என்பதை வங்கித் துறையினர் அறிவர். அதே நிக்கல்சன்தான் பின்னர் மாகாணத்தின் மீன்வளப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். மீனை வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயையும் உரத்தையும் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் முறையை அவர் மேற்குக் கரையில் பரப்பினார். மணலில் அழுகி வீணாகிக்கொண்டிருந்த பொருள் விலை பெற்றது.

ஈரல் எண்ணெயின் எழுச்சியும் வீழ்ச்சியும்

இரண்டாம் உலகப் போரில் நார்வே ஜெர்மனியின் பிடிக்குள் சென்றபோது, அங்கிருந்து வந்த காட் மீன் எண்ணெய் தடைப்பட்டது. உயிர்ச்சத்து ஏ மிகுந்த அந்த எண்ணெய்க்கு மாற்றாகச் சுறா ஈரல் எண்ணெய் இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்டது. சில ஆண்டுகள் இத்தொழில் செழித்தது. ஆனால், 1940-களின் இறுதியில் செயற்கை முறையில் தயாரித்த உயிர்ச்சத்து ஏ சந்தைக்கு வந்தது. அதன் பிறகு ஈரல் எண்ணெய்க்குப் பழைய தேவை திரும்பவில்லை.

குஜராத் கரையில் திமிங்கிலச் சுறாவின் ஈரல் எண்ணெய், படகுகளில் நீர் புகாமல் தடுக்கும் பூச்சாக நெடுங்காலம் பயன்பட்டது. அருகிவந்த அவ்வுயிரினத்துக்கு 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. முதல் நிகழ்வில் அறிவியல் ஒரு சந்தையை முடித்துவைத்தது. இரண்டாம் நிகழ்வில் சட்டம் முடித்துவைத்தது. ஒரே பயனை நம்பிய தொழிலுக்கு இரண்டுமே இடர்தான்.

தீவனத்தின் காலம்

இன்றைய பெரும் பயன் தீவனமே. மீனை வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி அரைத்தால் மீன்தூள் கிடைக்கிறது. பிழிந்த நீரிலிருந்து எண்ணெய் பிரிகிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ மீன் தேவை. கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரம், குஜராத் எனக் கரை நெடுகிலும் இவ்வாலைகள் இயங்குகின்றன.

வனாமி இறால் வளர்ப்புக்கு 2009-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தபின், தீவனத் தேவை பெருகியது. 2023-24-இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு 17.81 லட்சம் டன், மதிப்பு ரூ.60,523 கோடி. அம்மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உறைய வைத்த இறாலுக்கு உரியது. நாம் ஏற்றுமதி செய்யும் இறாலின் பின்னால், அதற்குத் தீவனமான சிறுமீன் நிற்கிறது.

இங்கேதான் கேள்வி எழுகிறது. ஆலைக்குச் செல்வது உண்ணத் தகாத மீனா, அல்லது வளர்ந்திருந்தால் உணவாகியிருக்கக்கூடிய மீன்குஞ்சா? வலையில் சிக்கும் குஞ்சுகளுக்கும் ஆலையில் ஒரு விலை உண்டு என்பதால், அவற்றைத் தவிர்க்கும் எண்ணம் தளர்கிறது. கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன்னாக இருந்த மத்தி, 2021-இல் 3,300 டன்னுக்குச் சரிந்தது. எல் நினோ உள்ளிட்ட கடற்சூழல் மாற்றங்கள் இதற்குப் பெருங்காரணம். ஆயினும் இளம் மீன்களைப் பிடித்தது மீட்சியைக் கடினமாக்கியது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கேரளம் விதித்துள்ள தடையின் பொருள் இதுவே. மத்தி குறைந்தால், குறைந்த விலையில் புரதம் பெறும் குடும்பங்களும் சிறுபடகு மீனவர்களுமே முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

எச்சத்தின் மதிப்பு

நம்பிக்கை தரும் போக்கும் ஒன்று உண்டு. 2022-இல் உலக மீன்தூளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், மீன் எண்ணெயில் பாதிக்குச் சற்று மேலும், தலை, முள், குடல் போன்ற எச்சங்களிலிருந்தே கிடைத்தன.

இந்தியாவில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இறால் ஓடு. இறாலின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தலையும் ஓடுமே. அமிலத்தால் தாது உப்பையும் காரத்தால் புரதத்தையும் நீக்கினால் எஞ்சுவது கைட்டின்; அதனை மேலும் பக்குவப்படுத்தினால் கைட்டோசான். நீர் சுத்திகரிப்பு, காயக் கட்டு, பயிர்ப் பாதுகாப்பு எனப் பல துறைகளில் இது பயன்படுகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான செயல்முறைகளை உருவாக்கி வழங்கியுள்ளது. தமிழகத்து இயற்கை விவசாயிகள் மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துத் தயாரிக்கும் மீன் அமிலமும் இதே வரிசையைச் சேர்ந்ததே.

தொழில் தொடங்க எண்ணுவோர் கவனத்துக்கு

முதலாவது, மூலப்பொருள். ஆண்டுதோறும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதலும் மேற்குக் கரையில் ஜூன் 1 முதலும் 61 நாள்கள் மீன்பிடித் தடை உண்டு. அந்நாள்களில் ஆலைக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கணக்கிட்ட பின்னரே கடன் தவணைகளைத் திட்டமிடுதல் நன்று.

இரண்டாவது, இடம். இறால் ஓடு சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். பதப்படுத்தும் கூடத்துக்கு அருகில் இல்லாத அலகு நிலைப்பது கடினம்.

மூன்றாவது, கழிவுநீர். அமிலமும் காரமும் கலந்த நீரைச் சுத்திகரிக்கும் செலவைத் திட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணியைத் தொடங்கலாகாது.

நான்காவது, கடன் வசதி. கிசான் கிரெடிட் கார்டு வசதி 2018-19 முதல் மீன்வளத் துறைக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் உதவி உண்டு. நடப்பு விதிமுறைகளைத் தங்கள் கிளையில் கேட்டறிந்து விண்ணப்பிக்கலாம்.

இவை அனைத்துக்கும் மேலானது ஒன்று உண்டு. கடலில் உள்ள மீன்வளம் முதல். ஆண்டுதோறும் அது பெருகித் தருவது வட்டி. உண்டது போக மிஞ்சிய எச்சத்தைப் பொருளாக்கும் தொழில் வட்டியை முழுமையாகப் பயன்படுத்துகிறது. குஞ்சு மீனை அரைக்கும் தொழிலோ முதலையே எடுத்துச் செலவிடுகிறது. முதல் கரைந்த கணக்கில் வட்டி ஏறுவதில்லை என்பதை வங்கி வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.