முதலாண்டு மாணவியின் கண்

அன்பு மகளுக்கு,

"ஆராய்ச்சியெல்லாம் பி.ஜி. முடித்தவர்கள் பார்க்கிற வேலை, இப்போதைக்கு அனாட்டமியில் பாஸ் பண்ணு, போதும்" என்று விடுதியில் சீனியர்கள் சொன்னதாக எழுதியிருந்தாய். அனாட்டமியைப் பற்றி அவர்கள் சொன்னது சரி. ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிடாதே. நீ படிக்கிற பாடப்புத்தகங்களில் மாணவர்கள் கண்டுபிடித்த செய்திகள் பல இருக்கின்றன. கண்டுபிடித்தபோது அவர்களுக்கு என்ன வயது என்பதைத்தான் புத்தகம் சொல்வதில்லை.

சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கிய 1835ஆம் ஆண்டிலேயே நடந்தது இது. லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஜேம்ஸ் பேஜெட் என்ற 21 வயது முதலாண்டு மாணவன், சடலம் ஒன்றை அறுத்துப் பார்க்கும் இடத்தில் நின்றிருந்தான். தசை முழுவதும் மணலைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அங்கிருந்தவர்களுக்கு அவை பழகிப்போனவை. கத்தி மழுங்குகிறதே என்ற சலிப்போடு எலும்புத் துகள் என்று ஒதுக்கிவந்தார்கள். பேஜெட் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டான். நுண்ணோக்கி வேண்டுமே! பிரிட்டிஷ் மியூசியத்தில் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌனிடம் ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய்ப் பார்த்தபோது, புள்ளிக்குள் ஒரு புழு சுருண்டு கிடந்தது. டிரைக்கினெல்லா என்று அடுத்த ஆண்டு மைக்ரோபயாலஜியில் நீ படிக்கப்போவது அதைத்தான். அதை முறைப்படி விவரித்துப் பெயர் சூட்டியவர் ரிச்சர்ட் ஓவன். புகழில் பெரும்பங்கும் அவருக்கே போயிற்று. பேஜெட் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. இன்று எலும்பு நோய் ஒன்றும் மார்பக நோய் ஒன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

பெர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் 1869இல் தன் பட்ட ஆய்வேட்டில் கணையத்தை விவரித்தபோது அவருக்கு வயது 21. கணையத்துக்குள் ஆங்காங்கே கொத்தாகக் கிடந்த சிறு செல்களைக் கண்டார். அவை என்ன வேலை செய்கின்றன என்பது தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதினார். அவற்றில் சுரக்கும் இன்சுலின் 1921இல் கண்டறியப்பட்டது. லாங்கர்ஹான்ஸோ 1888இலேயே இறந்துவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய அந்த ஏட்டுக்கு உன் பெரியப்பாவான நான் தருகிற மரியாதை அளவற்றது. கிடைத்த முடிவுக்கு அவசரமாக ஒரு விளக்கம் ஒட்டிவிடும் பழக்கம் இன்றைக்கும் பல ஆய்வேடுகளில் இருக்கிறது. அது உனக்கு வேண்டாம்.

இன்னொரு மாணவர் ஜே மக்லீன். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இரண்டாமாண்டு. மூளையிலிருந்து எடுக்கும், ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு பொருளைச் சுத்தப்படுத்தும் வேலையைப் பேராசிரியர் வில்லியம் ஹவல் அவரிடம் கொடுத்திருந்தார். மக்லீன் அதோடு நிற்காமல் இதயத்திலிருந்தும் கல்லீரலிலிருந்தும் சாறு எடுத்துச் சோதித்தார். கல்லீரல் சாறு நாளாக நாளாகத் தலைகீழாக நடந்துகொண்டது. ரத்தம் உறையாமல் தடுத்தது. வேறொரு மாணவர் என்றால் ஏதோ கலப்படம் என்று சாக்கடையில் ஊற்றியிருப்பார். மக்லீன் மறுபடி மறுபடி செய்து பார்த்துவிட்டுப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். ஹவல் நம்பவில்லை. உடனே பூனை ரத்தம் உள்ள குவளையில் அந்தச் சாற்றைக் கலந்து ஹவலின் மேசையில் வைத்து, உறைந்ததும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அது உறையவே இல்லை. 1916இல் கட்டுரை வெளிவந்தது. ஹெப்பாரின் என்ற பெயரை ஹவல் பின்னால் வைத்தார். மக்லீன் கண்ட பொருளும் இன்றைய ஹெப்பாரினும் ஒன்றல்ல என்பார்கள். கண்டுபிடிப்பு யாருடையது என்ற தகராறும் நெடுங்காலம் நடந்தது. ஆனாலும் டயாலிசிஸ் அறையில் இன்று ஓடுகிற அந்த மருந்தின் கதை, எதிர்பாராத முடிவைத் தூக்கி எறியாத ஒரு மாணவரிடமிருந்தே தொடங்குகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். எல்லாப்ரகட சுப்பாராவ் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை அரங்குக்குக் கதர் அங்கி அணிந்து போனார். அறுவைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டின் அதிருப்திக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு பாஸ்டனுக்குப் போனவருக்கு அங்கே மருத்துவர் வேலை அமையவில்லை. மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலை ஊழியராக உழைத்தபடி ஹார்வர்டில் படித்தார். உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்க அவரும் சைரஸ் ஃபிஸ்கேயும் வகுத்த முறை 1925இல் வெளியானது. உன் பயோகெமிஸ்ட்ரி ஆசிரியரைக் கேட்டால் சொல்வார். தசையில் ஏ.டி.பி. இருப்பதை வெளிப்படுத்தியதிலும் இருவருக்கும் பங்குண்டு. பின்னாளில் லெடர்லே நிறுவனத்தில் அவர் வழிநடத்திய குழுவிலிருந்து ஃபோலிக் அமிலம், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் கொடுத்த அமினாப்டெரின், யானைக்காலுக்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை எல்லாம் வந்தன. 1948இல் 53 வயதில் காலமானார். அவர் படித்த நகரத்திலேயே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு என்பது பெரியப்பாவுக்குத் தீராத வருத்தம்.

இனி உன் காரியம். உன் டிசெக்‌ஷன் மேசையில் கிடப்பது ஒருவர் மனமுவந்து கொடுத்த உடலாக இருக்கலாம்; அந்த நினைப்போடு கத்தியை எடு. பிரேக்கியல் தமனி முழங்கைக்குக் கீழே பிரியும் என்று புத்தகம் சொல்லும். சில உடல்களில் மேற்கையிலேயே பிரிந்துவிடும். அப்படிக் கண்டால் "நம்ம பாடி சரியில்லை" என்று அடுத்த மேசைக்கு ஓடாமல், படம் வரைந்து, அளந்து, தேதி போட்டு ஆசிரியரிடம் காட்டு. கிராமத்தில் உனக்கென்று ஒதுக்கிய குடும்பங்களையும் ஒப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வராதே. அதே வீட்டுப் பெண்களின் ஹீமோகுளோபினை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு பெரிய பேராசிரியர்களுக்கே எளிதில் கிடைக்காது. ஒரு ரீடிங் விடுபட்டால் விடுபட்டது என்றே எழுது. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள், இங்கிலீஷ் வரவில்லை என்று கூச்சப்படுகிறாய். அது மாதங்களில் தீர்கிற விஷயம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவருக்கு ஹிஸ்டரி தானே வரும்; அதில் நீ யாருக்கும் குறைந்தவள் இல்லை. இரவு தூக்கத்தை மட்டும் பரீட்சைக்காக விற்றுவிடாதே. பயிற்சி மருத்துவராக இருக்கும் சி.ஆர்.ஆர்.ஐ. ஆண்டு வந்தால் அது எப்படியும் போய்விடும்.

ஆராய்ச்சி தொடங்க உனக்கும் ஒரு வழி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் எஸ்.டி.எஸ். என்ற திட்டத்தை நடத்துகிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் தம் கல்லூரி ஆசிரியரையே வழிகாட்டியாகக் கொண்டு இரண்டு மாத ஆய்வு செய்யலாம்; உதவித்தொகையும் உண்டு. எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வாங்குவது, நோயாளியிடம் விளக்கிச் சம்மதம் பெறுவது எல்லாவற்றையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். இரண்டாமாண்டுக்குப் போனதும் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், மனசுக்குப் பட்ட ஒரு கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கம்யூனிட்டி மெடிசின் துறையில் ஓர் ஆசிரியரைப் போய்ப் பார். முதலாமவர் மறுத்தால் அடுத்தவரிடம் போ.

அன்புடன்,
பெரியப்பா