மருந்துக்கு முன்னால் புல்

எங்கள் காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நோட்டும் பேனாவுமாக வருகிறார்கள். "இயற்கை முறையில வளர்க்கிறீங்களாமே, என்னென்ன மூலிகை குடுக்கறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மூலிகையைச் சொல்வதற்கு முன் அவர்களைக் கொறங்காட்டுக்குள் கூட்டிப்போய் விடுவேன். ஆடு மாடு நோயில்லாமல் இருப்பதற்கான காரணத்தில் முக்கால் பங்கு அங்கே தரையில் இருக்கிறது. மருந்து பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.

தாராபுரம், மூலனூர், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பிறந்தவர்களுக்குக் கொறங்காடு என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை குறைந்த சரளை மண் பூமி இது. வெள்ளாமை வைத்தால் ஒரு வருஷம் வரும், அடுத்த வருஷம் காயும். அதனால் எங்கள் முன்னோர் நிலத்தை மேய்ச்சலுக்கே விட்டார்கள். சுற்றிலும் முள்ளுக்கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேலாமரம். மேய்ச்சல் நிலம் அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. வேலி இருப்பதால் ஆள் இல்லாமலே ஆடு மேயும், நாமும் நினைத்த நேரத்தில் காட்டை அடைத்துப் புல்லுக்கு ஓய்வு கொடுக்கலாம். கொழுக்கட்டைப்புல்லின் தூர் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, ஒரு நல்ல மழைக்குப் பச்சை கட்டிவிடும். வெள்வேல் நிழல் தருவதோடு, புல் காய்ந்து போகிற கோடையில் காயை உதிர்க்கும். அந்தக் காயைத் தின்ற ஆட்டின் புழுக்கை விழுந்த இடத்தில் மறுவருஷம் வெள்வேல் முளைத்து நிற்கும். சில வருஷங்களுக்கு ஒருமுறை உழுது, கொள்ளோ சோளமோ விதைத்து எடுத்தால் புல் புதுசாகத் தழையும். உரம், பூச்சிமருந்து என்று எதுவும் அந்த மண்ணுக்குப் போவதில்லை.

இந்த நிலத்துக்கு ஏற்றவைதான் இங்கே தேறும். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் எங்கள் வெயிலுக்கும் காய்ந்த புல்லுக்கும் பழகியவை. காங்கேயம் பசு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் பெரிசு. பாலை மட்டும் கணக்குப் பார்க்கிறவருக்கு அது கட்டாது என்பதை மறைக்கக் கூடாது. அதிகம் கறக்கும் கலப்பினப் பசுவை வாங்கி வந்து கொறங்காட்டில் விட்டு, 'இயற்கை முறை' என்று சொல்லித் தீவனத்தையும் வைத்தியத்தையும் குறைப்பது அந்த உயிருக்குச் செய்கிற கொடுமை. அதன் உடம்பு கேட்பதை இந்த நிலம் கொடுக்காது. அந்த மாதிரி மாடு வேண்டுமென்றால் அதற்குத் தக்க தண்ணீர், பசுந்தீவனம், நிழல் மூன்றும் முதலில் வேண்டும்.

அடுத்தது குடற்புழு. ஆடு வளர்ப்பில் ரசாயன மருந்து அதிகம் உள்ளே நுழைகிற வாசல் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆட்டின் நாலாம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழுதான் மழைக்காலத்தில் எங்களுக்குப் பெரிய எதிரி. அதன் முட்டை புழுக்கையோடு கீழே விழுந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். அந்தக் குஞ்சுப்புழு பனி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புல் நுனிக்கு ஏறும். ஆடு மேயும்போது உள்ளே போகும். 'பனி காஞ்ச பொறகு பட்டியத் தொற' என்று எங்கள் அப்பாரு சொன்னதன் அர்த்தம் இதுதான். வெயில் ஏறியதும் புழு ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிவிடும்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மருந்தின் வேலையில் பாதியை மேய்ச்சலே செய்யும். காட்டைக் குறுக்குவேலி போட்டுத் துண்டாக்குங்கள். மழைக்காலத்தில் ஒரு துண்டில் அஞ்சாறு நாளைக்கு மேல் ஆட்டை விடாதீர்கள். விட்ட துண்டுக்கு இரண்டு மாதமாவது ஓய்வு கொடுங்கள். ஆடு மேய்ந்த துண்டில் அடுத்து மாட்டை விடலாம். ஆட்டுப்புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் பிழைக்காது என்பதால், மாடு மேயும்போது புல்லோடு சேர்த்து அவற்றையும் ஒழித்துவிடும். புல்லை மண்ணோடு கரம்ப விடவே கூடாது. நாலு விரல் உயரம் நிற்கும்போதே ஆட்டை மாற்றிவிட வேண்டும். அடியில்தான் புழு அதிகம், தவிர, அடி போனால் புல்லும் போகும்.

மாதம் தவறாமல் மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆட்டின் கீழ் இமையையும் இழுத்துப் பார்க்கிறேன். உட்புறம் நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடுவேன். வெளிறி இருந்தாலோ தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிற அட்டை ஒன்றை உருவாக்கி உலகம் முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். மந்தையில் சில ஆடுகளிடம்தான் புழுவின் பெரும்பகுதி இருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் பெருகும். வருஷா வருஷம் வெளிறுகிற ஆட்டை அதன் குட்டிகளோடு கழித்துவிடுங்கள். இதை மனதைக் கல்லாக்கிக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

இதில் சாணி உருட்டி வண்டுக்கும் பங்கு உண்டு. காட்டில் மாடு போட்ட சாணியை வண்டு மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போனால் மண்ணுக்கு எருவும் ஆயிற்று, புழுவும் ஈயும் பெருக இடமும் இல்லாமல் போயிற்று. குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணியில் அந்த மருந்து தங்கி, வண்டின் குஞ்சுகளைக் கொல்லும். புதிதாக ஒரு காட்டைப் பார்க்கப் போனால் காய்ந்த சாணியை ஒரு குச்சியால் புரட்டிப் பார்ப்பேன். அடியில் துளைகள் இருந்தால் அந்த மண்ணில் உயிர் இருக்கிறது.

தீவனத்தில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இளஞ்சோளம். மழை தப்பி வாடி நிற்கும் சோளப்பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும் தழையிலும் சயனைடு நச்சு ஏறியிருக்கும். வேலி தாண்டிப் போய் நாலு வாய் தின்ற மாடு வீடு வந்து சேராது. பூத்த பிறகு அறுத்து, காயவிட்டுப் போடுவதுதான் பத்திரம். இன்னொன்று, பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு. ரசாயனமே காணாத காட்டில் விளைந்த கடலையாக இருந்தாலும், ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்தால் அதிலுள்ள நச்சு மாட்டுக்கும் போகும், பாலிலும் வரும். பிண்ணாக்கைத் தரைக்கு மேலே பலகை போட்டு அடுக்குங்கள், மழைக்காலத்தில் கொஞ்சமாக வாங்குங்கள். கோடைக்கு அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால் மூன்றையும் கிணற்று வாய்க்கால் ஓரத்தில் நட்டு வைத்தால் பிண்ணாக்குச் செலவே பாதியாகக் குறையும்.

உண்ணிக்கு மாட்டின் மேல் மருந்தடிப்பதைவிடக் கட்டுத்தரையைப் பார்க்க வேண்டும். உண்ணி மாட்டைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும்தான் முட்டையிடுகிறது. வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள், நாட்டுக்கோழியை உள்ளே திரிய விடுங்கள்.

இனி மூலிகைக்கு வருகிறேன். மடிநோய்க்கு நான் நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மருந்து ஒன்று உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் சேர்த்து அரைக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் இருந்துகொண்டு இதுபோன்ற மரபு வைத்தியங்களை அளவு வகுத்துப் பரப்பினார். தேசிய பால்வள வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது. மடியைக் கழுவி, கெட்ட பாலை முழுக்கப் பீய்ச்சி எடுத்துவிட்டு, கலவையில் ஒரு கை எடுத்துத் தண்ணீரில் இளக்கி மடி முழுக்கத் தடவ வேண்டும். நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். பலர் காலையும் மாலையும் இரண்டு முறை தடவிவிட்டு 'கேக்கல' என்கிறார்கள். காய்ந்ததும் கழுவிவிட்டு மறுபடி தடவுவதில்தான் இதன் பலன். அதுவும் மடி லேசாக வீங்கத் தொடங்கிய அன்றே ஆரம்பிக்க வேண்டும். மாடு காய்ச்சலில் படுத்து, தீனி எடுக்காமல் போய்விட்டால் கற்றாழையை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசி போட்டால் இயற்கை முறை கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது தவறு. சர்வதேச இயற்கை வேளாண் விதிகளே தடுப்பூசியை அனுமதிக்கின்றன. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, துள்ளுமாரிக்கு மழை தொடங்கும் முன். மழைக்குத் துளிர்த்த புதுப்புல்லை வயிறு முட்ட மேயும் கொழுத்த குட்டிதான் துள்ளுமாரியில் முதலில் சாகும். எந்த மூலிகையும் அதைக் காப்பாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன: வேறு வழியில்லாதபோது மருந்து கொடுக்காமல் மாட்டைத் தவிக்கவிடக் கூடாது, கொடுத்தால் பால், கறி விற்காமல் காத்திருக்க வேண்டிய காலத்தை இரட்டிப்பாக்க வேண்டும். எங்களிடம் சான்றிதழ் இல்லை. ஆனால் எந்த மாட்டுக்கு எந்தத் தேதியில் என்ன ஊசி என்று நோட்டில் எழுதி, அந்தக் காலம் முடியும்வரை பாலைத் தனியாகக் கறந்து கீழே ஊற்றிவிடுகிறோம். பால் வாங்குகிறவர் எப்போது வேண்டுமானாலும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

வலி ஊசி விஷயத்தில் மட்டும் மருத்துவரிடம் நான் பெயர் கேட்காமல் இருப்பதில்லை. டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துச் செத்து இந்தியாவில் ஏறக்குறைய அழிந்தே போயின. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கழுகுகள் மிஞ்சியிருப்பது மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான். மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கில்லாதது, மாட்டுக்கும் வலி தீரும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சந்தையில் ஆடு பிடிப்பதற்கு ஒரு வருஷம் முன்பே வேலியையும் புல்லையும் தொடங்க வேண்டும். முதல் மழைக்குக் கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவி, அது பூத்து விதை உதிரும்வரை எதையும் உள்ளே விடக் கூடாது. கண்ணபுரம் சந்தையில் மாடு வாங்கினாலும், பக்கத்து ஊரில் ஆடு வாங்கினாலும் மூன்று வாரம் தனிப் பட்டியில் கட்டி, இமையையும் புழுக்கையையும் மூக்கையும் பார்த்து, தடுப்பூசி போட்ட பிறகுதான் காட்டுக்குள் விட வேண்டும். எண்ணிக்கையைக் கோடையில் காடு எத்தனை உயிரைத் தாங்குமோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். ஐப்பசியில் பச்சையைப் பார்த்துவிட்டு வாங்கினால் சித்திரையில் பாதியை வந்த விலைக்கு விற்க வேண்டியிருக்கும்.