பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரைக்கு இறங்கும்

கேள்வி: ஐந்து வருடம் ஓடிய என் பெட்ரோல் ஹேட்ச்பேக்கை மே மாதம் கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் நடந்த டிராக் டேக்குக் கொண்டுபோனேன். ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் தரை வரை இறங்கிவிட்டது. நாலைந்து தடவை மிதித்த பிறகே வண்டி அடங்கியது. அரை மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். "எல்லாம் வெயில் சூடு, பெரிய டிஸ்க் போடு" என்கிறார் நண்பர். "பேட் மாத்துங்க" என்கிறார் மெக்கானிக். பிரேக் ஆயிலை இதுவரை மாற்றியதில்லை. எங்கள் கரிசல் காட்டு வறட்சியில் அதில் ஈரம் எங்கே ஏறப்போகிறது? வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: தம்பி, டிஸ்க்குக்குக் காசு எடுத்து வைக்க வேண்டாம். உங்கள் வண்டியில் கொதித்தது பிரேக் ஆயில்.

பேட் சூடேறிப் பிடிப்பை இழந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்காது, கருகல் வாடை வரும். பெடல் தரைக்கு இறங்குவது வேறு கோளாறு. காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விட்டது. பின் டிரம் சூட்டில் விரிந்தாலும் பெடல் கொஞ்சம் ஆழமாக இறங்கும். ஆனால் தரையைத் தொடாது.

வறட்சி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கம் வானம் பார்த்த பூமிதான். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுகிறது. மார்கழிக் காலையில் பானட்டைத் தடவினால் கை நனைகிறது. டாட் 3, டாட் 4 ஆயில்கள் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளவை. ரப்பர் ஹோஸ் வழியாகவும் டேங்க் மூடி வழியாகவும் ஈரம் துளித்துளியாக ஏறிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 155 டிகிரிதான். ஐந்து வருட ஆயிலோடு டிராக்கில் இறங்கியிருக்கிறீர்கள். ஊரில் தெரியாததற்குக் காரணம், மதுரை, திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் பிரேக்குக்கு வேலையே குறைவு.

வெயிலின் பங்கு சிறியது. மார்கழிக்கும் மே மாதத்துக்கும் காற்றின் சூட்டில் சில டிகிரிதான் வித்தியாசம். டிராக்கில் டிஸ்க்கோ பல நூறு டிகிரிக்குப் போகிறது. ஆயிரம் கிலோ வண்டியை 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்குக் கொண்டுவரும் ஒரே பிரேக்கில், இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவுக்குச் சூடு பிறக்கிறது. அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளில்தான் இறங்கும். நீங்கள் ஓட்டிய செட்டிபாளையம் கரி டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான். ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே பிரேக் ஆற நேரம் கிடைப்பதில்லை. எந்தக் கரிவரதன் பெயரில் அந்த டிராக் இருக்கிறதோ, அவர் மாருதி 800 எஞ்சினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி எடை குறைந்த ரேஸ் வண்டி. நம்முடையது சீட்டும் ஏசியும் சுமக்கும் வீட்டு வண்டி. ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கி சாமான் எல்லாவற்றையும் பிட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

முதல் வேலை ஆயில். சீல் உடைக்காத டாட் 4 புட்டி வாங்கி, பழையதை முழுக்க வெளியேற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கின் அலமாரியில் பாதி தீர்ந்து நிற்கும் புட்டி வேண்டவே வேண்டாம். அதில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும். டாட் 5.1 கிடைத்தால் இன்னும் நல்லது, புதிதில் 260 டிகிரி தாங்கும். வெறும் டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிகான் ஆயில். அது உங்கள் வண்டிக்கு ஆகாது.

மெக்கானிக் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. பேட் தேய்ந்து மெலிந்திருந்தால் டிஸ்க்கின் சூடு நேரே ஆயிலுக்கு ஏறும். பாதிக்குக் கீழே தேய்ந்த பேடோடு டிராக்குக்குப் போகாதீர்கள். அதற்காக முழு ரேஸ் பேடும் வாங்காதீர்கள். அது சூடானால்தான் பிடிக்கும். விடியற்காலையில் சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் முதல் மிதியிலேயே பிரேக் பிடித்தாக வேண்டும். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான பேட் என்று கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க்குக்குப் பின்னாலிருக்கும் தகட்டைக் கழற்றினால் காற்று படும் என்று சிலர் சொல்வார்கள். மழைக்காலத்தில் கரிசல் சேறு எப்படி அப்பும் என்று உங்களுக்கே தெரியும். தகடு இருக்கட்டும்.

டிராக்கில் பிரேக்கைத் தடவிக்கொண்டே போகாமல், அழுத்திச் சுருக்கமாகப் பிடித்து விட்டுவிடுங்கள். மூன்று சுற்று வேகமாக ஓட்டினால் அடுத்த சுற்றை நிதானமாக ஓட்டி ஆறவிடுங்கள். கடைசிச் சுற்றில் பிரேக்கையே தொடாத அளவுக்கு மெதுவாக வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

ஆறியதும் பெடல் கெட்டியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவி மறுபடி திரவமாகிவிட்டது, அவ்வளவுதான். ஆயில் அதே பழைய ஆயில்தான். ஆகவே அடுத்த டிராக் டே வரைக்கும் காத்திருக்காமல், இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.