வீட்டுப் பாஷை

நீர்கொழும்பு முதற் சிலாபம் வரையுள்ள கரையோர ஊர்களிற் பல முன்னாளிலே தமிழ் வழங்கினவை. 20ஆம் நூற்றாண்டில் ஆங்குப் பாடசாலைப் பாஷை சிங்களமாகவே, பெற்றார் பலர் வீட்டிலும் அதனையே பேசத் தலைப்பட்டனர். பாட்டி பேசுந் தமிழ் பேரர்க்கு விளங்காதாயிற்று. சிலாபத்திற்கு வடக்கேயுள்ள உடப்பிலோ, திரௌபதையம்மன் கோயிலுந் தமிழ்ப் பாடசாலையும் விளங்க, வீட்டிலுந் தமிழே நிலைத்தது.

உபாத்தியாயர்காள், பிள்ளைகள் சிங்களங் கற்றலை நாம் விலக்குகின்றிலேம், அது வேண்டற்பாலதே. ஆயினும் பாடசாலையிற் சில மணி நேரமே நமக்குளது. ஆதலால், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றாரை, வயதை வினாவுமுன், வீட்டிலே பேசும் பாஷை யாதென்று வினாவுக. திருநீறிட்டுத் தேவாரம் ஓதுவிக்கவும், கதை சொல்லவும், கடைக்கனுப்பவும், ஏசவுங்கூடத் தமிழையே வழங்கும்படி சொல்லுக.